ஆனிச் சாரலில் தளவாயின் கார்

தளவாயின் கார் மாப்பிள்ளைகளுக்கென்றே இருந்த கார். பழைய வெள்ளை வண்டி ஒன்றின் கூரையை மதுரைப் பட்டறையில் வெட்டி எடுத்துவிட்டு, வேண்டும்போது இழுத்து மூடிக்கொள்ளக் கறுப்புப் படுதா தைத்திருந்தார்கள். ரைஸ் மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர், இருபது வருடங்களுக்கு முன் அதை வாங்கி மேலகரத்துக்கு ஓட்டிவந்த அன்று, மனைவி முப்பிடாதியம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மொட்டை வண்டிய வாங்கிட்டு வந்து நிக்கிய. குற்றாலத்து அடிவாரத்துல இருந்துக்கிட்டு இத என்னைக்கு வெளிய எடுப்பிய?"

கேட்டவளே ஒவ்வொரு வருடமும் பதிலும் சொல்ல வேண்டியதாயிற்று.

மார்கழியில் கல்யாணம் இல்லை. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் முடிந்ததும் வண்டி கொட்டகைக்குள் போய்விடும். பாட்டரி ஒயரைக் கழற்றி, அடியில் செங்கல் அடுக்கிச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, சீட்டுக்கடியில் அந்துருண்டை போட்டு மூடிவைப்பார். தையில் திறப்பார். சித்திரை வெயிலில் மாலை ஐந்து மணிக்கும் சீட்டு சுடும். மாப்பிள்ளை நெளிந்துகொண்டே வருவான். ஐப்பசி அடைமழையில் படுதாவைத் தொடவே முடியாது. மூடிய காரில் மாப்பிள்ளை வந்தால் தெருவில் யார் பார்ப்பது? ஆகவே மற்ற வண்டிக்காரர்கள் மழை வருகிறதென்று மூடுகிற ஆனி மாதத்தில்தான் தளவாய் படுதாவை மடக்குவார். வெயில் இருக்காது. மலைக்காற்று வரும். சாரல் இரண்டு நிமிடம் தூவும், போய்விடும். ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள் சாரல் மழையாகிவிடும்.

எந்த நாள் எப்படி என்பதை முப்பிடாதிதான் சொல்வாள். மாப்பிள்ளை அழைப்பு அன்று மதியம் தளவாயின் துண்டு ஒன்றை மாடிக்கு எடுத்துப்போய்க் கொடியில் போடுவாள். மூன்று மணி தாண்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, "மடக்குங்க" என்பாள், இல்லை "மூடியே போங்க" என்பாள். இருபது வருடத்தில் இரண்டு தடவைதான் தப்பியது.

மாசியில் அவள் இறந்துபோனாள். தை பிறந்தபோதே திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்ததால் இந்த வருடம் கொட்டகை திறக்கப்படவில்லை. வண்டி செங்கல்லின்மேல் அப்படியே நின்றது.

ஆனி பாதியில் அடுத்த வீட்டு இசக்கிதுரை வந்தான். அவன் மகள் நிவேதாவுக்கு ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். முதல் நாள் மாலை ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு.

"இது துட்டி விழுந்த வீட்டு வண்டி லே," என்றார் தளவாய். "நல்ல காரியத்துக்கு வேண்டாம். வருசம் திரும்பட்டும்."

"நானா கேக்கேன் அண்ணாச்சி? ஆஸ்பத்திரியில வச்சு மைனி சொன்னதுலா. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுலயும் சொல்லிட்டேன்."

அது உண்மைதான். தேதி குறித்ததைச் சொல்ல நிவேதா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, முப்பிடாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மாப்பிள்ளை எங்க வண்டியிலதான் வருவாரு" என்றாள். தளவாய் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார்.

"சாரல் வேற பிடிச்சிட்டே," என்று பேச்சை மாற்றினார்.

அப்பாவின் பின்னால் நின்ற நிவேதா சிரித்துவிட்டாள். "பெரியப்பா, சாரலுக்குன்னு வெளிய வார ஒரே வண்டி இதுதான். துண்டு காயப்போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"போட்டுருவேன். தொட்டுப் பாத்துச் சொல்ல யாரு இருக்கா?"



அவர்கள் போனதும் தளவாய் கொட்டகையைத் திறந்தார். பாட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டார். நின்று நின்று கெட்டுப்போகக் கூடாதே, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் செங்கல்லை எடுத்தார். அதற்கும் ஏதோ ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் இசக்கிதுரை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தபோது, "சும்மா துடைக்கேன்" என்றார்.

அழைப்பு நாள் காலையிலிருந்து மலை தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கொட்டகை ஓடுகள் சடசடத்தன. இரண்டு மணிக்குத் தளவாய் துண்டோடு மாடி ஏறினார். கொடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். காற்று துண்டை அடித்துச் சுருட்டியது. மூன்று மணி தாண்டியதும் தொட்டார். ஈரம். மேற்குப் பக்கம் ஈரம், கிழக்குப் பக்கமும் ஈரம். பிழிந்து பார்த்தார். அவள் பிழிவாளா என்பது நினைவுக்கு வரவில்லை. இருபது வருடமாகக் கீழே நின்று குரலை மட்டும் கேட்டவருக்கு மாடியில் என்ன நடந்ததென்று எப்படித் தெரியும்? பட்டுச் சட்டையோடு மாப்பிள்ளை நனைந்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தார். துட்டி வீட்டு வண்டி என்றுதான் சொல்லும். நிவேதா காதிலும் அது விழும். வேண்டாம் என்று முடிவுசெய்து துண்டை உருவிக்கொண்டு இறங்கினார்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது போன் அடித்தது. முப்பிடாதியின் தங்கை பேச்சியம்மாள், செங்கோட்டைக்கு மேற்கே புளியரையிலிருந்து. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவள் பேசியதே இல்லை.

"அத்தான், இங்கன மழை வெறிச்சிட்டு. கணவாய்ப் பக்கம் வெளுத்துட்டு. தூத்தல் போட்டாலும் ரெண்டு நிமிசம்தான். தைரியமா மடக்கிட்டுப் போங்க."

தளவாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இத எதுக்குட்டி எங்கிட்ட சொல்லுத?"

"நல்லா கேக்கிய. இன்னைக்கு நிவேதாவுக்கு மாப்பிள்ளை அழைப்புன்னு பத்திரிக்கையில போட்டுருந்துல்லா? அக்கா எப்பவும் மூணு மணிக்கு எனக்குப் போன் போட்டுருவா. பேச்சி, அங்கன எப்படின்னு கேப்பா. இங்கன வாரதுதானே பெறவு அங்கன வருது."

"அவ துண்டு போட்டுலா பாப்பா?"

பேச்சியம்மாள் சிரித்தாள். "அது உங்களுக்காகப் போட்டது அத்தான். ஒந் தங்கச்சிக்கு என்ன தெரியும்னு கேப்பாரு, துண்டுன்னா பேசாம நம்பிருவாருன்னு அக்கா சொல்லுவா."

தளவாய் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அக்காளும் தங்கையுமாக இருபது வருடம் அவரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

"இந்த ஆனி பூரா மூணு மணி ஆனா போனை எடுத்து மடியில வச்சுக்கிடுதேன்," என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "ஒருத்தரும் கேக்கல. இன்னைக்கு மனசு பொறுக்காம நானே போட்டுட்டேன்."

 "நல்ல வேளை போட்ட, தாயி," என்றார் தளவாய்.

படுதாவை மடக்க இரண்டு ஆள் வேண்டும். மறுபக்கத்தை முப்பிடாதி பிடிப்பாள். அன்று அவர் ஒருபக்கம் மடித்து, சுற்றிப்போய் மறுபக்கம் மடித்து, மறுபடி இந்தப் பக்கம் வந்து வாரை இழுத்துக் கட்டினார். பிறகு இசக்கிதுரைக்குப் போன் போட்டார். "லே, மாப்பிள்ளைய வேற வண்டியில ஏத்திராத. வாரேன்."

பிள்ளையார் கோயிலை விட்டு நூறு அடி வந்திருப்பார்கள், சாரல் பிடித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் முகத்தில் பவுடர் கோடாக இறங்கியது.

"அண்ணாச்சி, படுதாவ மூடுங்க. மாப்பிள்ளையோட ஒரிஜினல் கலர் தெரியுது," என்றான் கூட வந்த சிநேகிதன்.

"ரெண்டு நிமிசம் பொறும் தம்பி. புளியரையில வெறிச்சிட்டு," என்றார் தளவாய், வண்டியை நிறுத்தாமல்.

உண்மையில் ஐந்து நிமிடம் ஆயிற்று. மண்டபம் வரும்போது சாரல் நின்று, மேற்கே மலை முழுக்கத் தெரிந்தது. பாதி பின்னிய சடையோடு மாடி ஜன்னலில் நின்ற நிவேதா, "பெரியப்பா!" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்காத மாப்பிள்ளை தன்னைத்தான் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்து, வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டான்.

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது. தளவாய் படுதாவை உலர்த்தி மூடி வண்டியைக் கொட்டகையில் விட்டார். இனி ஆவணிக்குத்தான். அன்று மதியம் மூன்று மணிக்கு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து புளியரைக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பேச்சி, அங்கன எப்படி?" என்று கேட்டார்.