வட்டச் சர்ச்சின் சுவர்

என் அம்மாவுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். அப்பா போன பிறகு, வெள்ளைக்காரன் கட்டிய வட்டச் சர்ச்சைக் கூட்டித் துடைத்துத்தான் என்னை வளர்த்தாள்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தச் சர்ச் சுவருக்கு வாயும் உண்டு. குவிமாடத்துக்குக் கீழே, வழவழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர் முழு வட்டமாக ஓடுகிறது. அதை ஒட்டியே கல் பெஞ்சு. கிழக்கே சுவரோரம் அம்மா முணுமுணுத்தால், மேற்கே துடைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் காதோடு பேசுவதுபோல் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. கூட்டுகிறவர்களைத் தவிர யாரும் இதைக் கவனித்ததில்லை.

பெரியப்பா தன் குடிகார மைத்துனனுக்கு என்னைக் கேட்டார். அம்மா முடியாது என்றாள். அதன்பின் எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் கைகூடும் நேரத்தில் கலைந்தன. எனக்குக் காக்காய் வலிப்பாம். கொளுத்திப் போட்டது யாரென்று தெரியும், சாட்சி இல்லை. பெரியப்பாவிடம் சண்டைக்குக் கிளம்பினேன்.

"பொறு. அவரு வாயாலயே அவரு மாட்டணும்" என்றாள் அம்மா.

மூன்றாவது மாப்பிள்ளையின் தாயார் ஒரு டீச்சர். ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் காலியானதும் என்னைப் பார்க்க வந்தார். அம்மா பெரியப்பாவையும் பெரியம்மாவையும் வருந்தி அழைத்திருந்தாள்.

"இங்க காத்து வரும் மாமா. சுவத்துல நல்லா சாஞ்சுக்குங்க" என்று அவர்களைக் கிழக்கே உட்காரவைத்தாள். "நீங்க பொண்ணுகிட்ட தனியாப் பேசுங்கம்மா" என்று டீச்சரை என்னோடு மேற்கே அனுப்பிவிட்டு, டீ கொண்டுவரப் போனாள்.

டீச்சர் முன்னால் குனிந்து என் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சுவர் பேசியது.

"வலிப்புன்னு சொல்லி ரெண்டைக் கலைச்சாச்சு. இது எம்மாத்திரம்? நாளைக்கே போய் சொல்லிடறேன். நீ மூஞ்சியச் சோகமா வச்சுக்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எழுந்து நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றார்.

"எதுக்கு நாளைக்கு? இப்பவே சொல்லுங்க."

பெரியப்பாவின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை. கொஞ்சம் அழமாட்டாரா என்றுதான் இருந்தது. டீத் தட்டோடு வந்த அம்மா முதல் டம்ளரை அவருக்கே நீட்டினாள்.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும் மாமா. இதே இடம்தான் உங்களுக்கு."

சொந்தபந்தத்துக்குப் பயந்து பெரியப்பா கல்யாணத்துக்கு வந்தார். அதே பெஞ்சில் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். நான் மோதிரம் மாற்றும்போது திரும்பிப் பார்த்தேன். மேற்கே அம்மா சுவரில் வாய் வைத்து ஏதோ சொன்னாள். கிழக்கே பெரியப்பா துள்ளி எழுந்து வெளியே ஓடினார்.

"என்னம்மா சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"இன்னும் முடியலன்னு சொன்னேன்" என்றாள் அம்மா.