டிரங்க் லைனில் ஒரு தொடர்கதை

எங்கள் வாசகர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் ஆளுக்கொரு பட்டியல் போட வேண்டும்: பிடித்த நாவல்கள், பிடித்த ஆடியோ புத்தகங்கள். நேற்று நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாவலில் தகராறு இல்லை. ஆடியோவில்தான் சிக்கல். நான் கேட்டதில் கதை வாசிக்கும் ஒரு அம்மாள், கதாநாயகி அழுதால் தானும் விம்முகிறார். அடேயப்பா, நம்மைவிட மோசம் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் காதுக்குள் கதை வாசித்தவள்தான், நம்புவீர்களோ மாட்டீர்களோ.

எழுபதுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. ஜன்னலைத் திறந்தால் சிமெண்டுத் தூசி, மூடினால் புழுக்கம். காதில் மாட்டும் ஹெட்செட்டில் முந்தைய ஷிப்டுக்காரியின் தேங்காயெண்ணெய் மணக்கும். இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் 'நம்பர் ப்ளீஸ்' என்று வாய் தானாகத் திறக்கிறது.

லைனின் மறுமுனையில், பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சில் ரஹ்மத். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். தொடர்கதைகள் வெளியாகும் வாரப் பத்திரிகை ரயிலில் வந்து எங்கள் ஊரில் காலையிலேயே இறங்கிவிடும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. இன்றும் கிடையாது, அந்த வயிற்றெரிச்சல் வேறு கதை. பஸ்ஸில் மறுநாள்தான் போகும். அதுவரை அவளுக்குப் பொறுக்காது.

"அக்கா, புக்கு வந்துடுச்சா? அவ போயிட்டாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்வதாவது. மத்தியானத்தில் அழைப்புகள் குறைந்ததும் தொடர்கதையை முழுசாகவே வாசித்துவிடுவேன். வில்லனுக்குத் தனிக் குரல் வேறு. எனக்குக் கம்பீரமாகத் தோன்றியது, அவளுக்கு ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி கேட்டதாம்.

வெளியூருக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டு லைனில் காத்திருப்பவர்களுக்கு எங்கள் பேச்சு கேட்காது என்று நம்பியிருந்தோம். போர்டில் சாவி என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் பாதி தள்ளினால் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யார் என்று இப்போது நினைவில்லை, நல்லவேளை.

அது ஒரு டிசம்பர் மத்தியானம். அந்த வருஷத்துத் தொடர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். முதல் இடம் காதல் கதைக்கு என்று முடிவாகிவிட்டது.

"ரெண்டாவதா அந்தக் கெணறு வெட்டுற கதைய வச்சுக்கலாங்க்கா" என்றாள் ரஹ்மத்.

"தப்பும்மா" என்றது ஓர் ஆண் குரல். "கெணறு வெட்டுற கதைதான் மொதல்ல வரணும். காதல் கதை பாதியிலயே படுத்துடுச்சு."

பெரம்பலூர்க் கடலை மண்டி முதலாளி. விருத்தாசலத்துக்குக் கால் கேட்டுக் காத்திருந்தவர். எங்கள் கதையை மாசக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் வேலை நிரந்தரம், திட்டோடு போகும். ரஹ்மத் தற்காலிகம்.

"ஒரு புகார் வந்தாலே நிப்பாட்டிடுவாங்கக்கா. அத்தா மறுநாளே நிக்காஹ் பேசிடுவாரு. எனக்கு இந்த வேல வேணும்க்கா" என்றாள். அந்தக் குரலில் அழுகையைவிடப் பிடிவாதம்தான் அதிகம். எனக்கோ அழுகையே வந்துவிட்டது.

அன்றோடு வாசிப்பு நின்றது. எண்ணைக் கேட்போம், இணைப்போம், அவ்வளவுதான். புதுப் பத்திரிகை வந்தும் நான் பிரிக்கவில்லை. அந்த வாரமே முதலாளி நேராகப் பெரம்பலூர் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றுவிட்டார். பக்கத்தில் போர்டில் இருந்த ரஹ்மத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாளாம்.

"ஒரு கொறை இருக்கு சார்."

"சொல்லுங்க."

"இந்த வாரம் லைன்ல காத்துக் கெடந்தேன், ஒரு சத்தமும் இல்ல. முன்னெல்லாம் அந்தப் பொண்ணு கொரலு தெளிவா கேக்கும், காத்திருக்கறதே தெரியாது. நல்லா வேல பாக்குற பொண்ணு. அத எங்கயும் அனுப்பிடாதீங்க."

சூப்பர்வைசருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குறை சொல்ல வந்தவர் பாராட்டிவிட்டுப் போனது மட்டும் புரிந்தது. அடுத்த வருஷம் ரஹ்மத் நிரந்தரமானாள். நிக்காஹ் நடந்தது, அவள் சொன்ன நேரத்தில், அவளுக்குப் பிடித்தவரோடு.

வாசிப்பு மறுபடி தொடங்கியது, அதன் பிறகு எங்கள் பட்டியலுக்கு மூன்று ஓட்டு. மண்டியில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "சும்மா இருய்யா, கால் வருது" என்று அடக்கிவிட்டு முதலாளி கதை கேட்பாராம்.

பிற்பாடு எஸ்.டி.டி. வந்தது. போர்டையும் கயிறுகளையும் கழற்றி ஒரு மூலையில் குவித்தார்கள். எங்களை வேறு வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அந்த வாரம் முதலாளி பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், டயலைச் சுற்றின உடனே விருத்தாசலத்தில் எடுத்துவிடுகிறார்கள் என்று சலித்துக்கொண்டாராம்.

"நல்லதுதானேங்க" என்றிருக்கிறாள் ரஹ்மத்.

"நல்லதுதாம்மா. கொஞ்சம் காக்க வைக்கிற லைனு ஏதாச்சும் மிச்சம் இருந்தா எனக்குக் குடு. கதை இன்னும் முடியலியே."