பின்படிக் கம்பியில் ஒரு ரப்பர் பேண்ட்

ஃபிசியோதெரபி முடித்து, கத்திரி வெயிலில் கடலூர் கிளினிக் ஒன்றில் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு நோயாளியைப் பயந்து ஓடவைத்தேன். ஜூனியர்களே, சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதே தப்பைச் செய்யாதீர்கள்.

அவர் செல்வராசு, பஸ் கண்டக்டர். சர்க்கரை உண்டு. இடது பக்கம் ஃப்ரோஸன் ஷோல்டர், தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. மூட்டின் கோணம் பார்க்கும் கோனியோமீட்டர் வைத்து அளந்தால், கை பக்கவாட்டில் அறுபது டிகிரிதான் ஏறியது. ஒரே வாரத்தில் தொண்ணூறு ஆக்கிக் காட்டும் வெறியில் பிடித்து ஸ்ட்ரெச் கொடுத்தேன்.

“யம்மா, வுட்ரும்மா!”

“வலிச்சாத்தாண்ணே மூட்டு தெறக்கும்.”

மூன்றாம் நாளுக்குப் பிறகு ஆளைக் காணோம்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகச் சிதம்பரம் பஸ் ஏறினால், டிக்கெட் கொடுக்க அவரே வந்தார். இடது கை வயிற்றோடு ஒட்டியிருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றார்.

“ஏண்ணே வரல?”

“நீ முறுக்குன முறுக்குல வலி ஜாஸ்தியாயி ரெண்டு நாள் சட்டையே மாட்டல. தெனம் மூணு வேள செவுத்துல வெரல ஏத்துன்னு எழுதிக் குடுத்தியே, நாள் பூரா வண்டில கெடக்குறவனுக்கு ஏதும்மா செவுரு?” குரலை இறக்கினார். “மேல்கம்பியப் புடிக்க முடியாதவன் வண்டில எதுக்குன்றாரு மேனேஜர். அடுத்த மாசக் கடைசிக்குள்ள தேறலன்னா டிப்போவுல உக்கார வெச்சிடுவாங்க. இருவது வருசமா நின்னவன்மா நானு.”

சிதம்பரம் ஸ்டாண்டில் வண்டி கால் மணி நேரம் நின்றது. பின்படிக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கம்பி.

“இதாண்ணே ஒங்க செவுரு!”

கம்பியில் விரல்களை மெல்ல ஏற்றச் சொன்னேன். வலி பிடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டு, இறக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு விரல்கூடக் கூடாது. நோட்டுக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை அந்த இடத்தில் சுருக்குப் போட்டு அடையாளம் வைத்தோம். வண்டி நிற்கும்போது மட்டும்தான் என்று சத்தியம் வாங்கினேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னா மச்சான், கம்பத்துக்குக் காப்பு கட்டிட்ட. தீமிதி எப்போ?”

“மொதல்ல உன்னத்தான் எறக்குவேன்!”

கிளினிக்குக்கும் மறுபடி வந்தார். ஹாட் பேக் ஒத்தடம், மூட்டை மெதுவாக அசைத்துத் தளர்த்தும் மொபிலைசேஷன். அவர் போதும் என்றால் போதும். கெடு முடிந்தபோது மேல்கம்பி எட்டவில்லை. இது குணமாகப் பல மாதம் ஆகும் என்பதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் மேனேஜரை வண்டிக்கே கூட்டிப்போய்ப் பின்படிக் கம்பியைக் காட்டினாராம். “ஆரம்பிச்சது இங்க சார். இப்ப தோ, இங்க.” ரப்பர் பேண்ட் ஒரு சாண் ஏறியிருந்தது.

“சரிய்யா, தீபாவளி வரைக்கும் பாப்போம்” என்றாராம் மேனேஜர்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அதே வண்டி. கம்பியில் ரப்பர் பேண்ட் இல்லை. “அறுந்துபோச்சாண்ணே?” என்றேன். அவர் கண்ணால் மேலே காட்டினார். மேல்கம்பியில் இருந்தது. அங்கே சுருக்குப் போட இரண்டு கையும் தலைக்கு மேலே போக வேண்டும்.

“டிரைவர் அண்ணன் கட்டுனாரா?”

“அவன் கட்டுனா அது அவன் தோளு. முதுகு சொறியத்தான் இன்னும் எட்டல. அதையும் பாத்து வுடு.”

திங்கட்கிழமை வரச் சொன்னேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும், அந்தக் கை எங்கே போக வேண்டும் என்று கேட்ட பிறகுதான் கோனியோமீட்டரை எடுக்கிறேன்.