ஓர் ஆணிக்கு அனுமதி

மைசூரில் எங்கள் மாடி வீட்டில் ஏறக்குறைய மூன்று வருடம் குடியிருந்தவர் அவர். ஹனூர்ப் பக்கத்துக்காரர், தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒல்லியான உடம்பு, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் நான் எழுதியிருந்ததை அவர் அளவுக்கு மதித்தவர் எவருமில்லை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்தார். காற்றில் அது திரும்பிக்கொள்ளும்போதெல்லாம் எழுந்துபோய் நேராக்குவார்.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம். நான்காவது முறை கையெழுத்துப் போட வந்தவர் தயங்கி நின்றார்.

"ஹால்ல ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுங்களா? போறப்ப நானே பூசிக் குடுத்தர்றனுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரரும் வாடகைக்கு விடுபவர்தான். அவரிடம் சொன்னேன். "ஆணி அடிக்கக் கேட்டாச்சா? இனிமே கிளம்ப மாட்டாங்க சார். இப்பவே காலி பண்ணச் சொல்லிடுங்க" என்றார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மகள் குடிவரப் போகிறாள் என்று மாடியில் இருந்தவரிடம் பொய் சொன்னேன்.

"சரிங்க" என்றார்.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனபின் பெயின்டரை மாடிக்குக் கூட்டிப்போனேன். பெயின்டர் சுவர்களைத் தடவிப் பார்த்தார். "அடைக்க ஒரு ஓட்டைகூட இல்லையே சார். இங்க யாரும் குடியே இருக்கலையா?"

எதை மாட்டுவதற்கு அந்த ஆணி என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.