தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு கன்றுகள்

எழுபதுகளின் கடைசியில், ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, நான் ஒரு துரையை ஜெயித்தேன். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும்.

மாமாவுக்கு மலாய் நாட்டில் எங்கள் எஸ்டேட் நர்சரியில் வேலை. பைக்கு ஒன்றாகத் தேயிலைக் கன்றுகள். மேனேஜராகப் புதிதாக வந்த துரைக்கோ ஒழுங்குப் பைத்தியம். சனிக்கிழமை கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள், எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டும், ஒரு கன்றுகூட மிஞ்சி நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தவறினால் மாமா மறுபடியும் மருந்தடிக்கப் போக வேண்டும். அந்த வேலையில் இருந்தபோது அவர் இருமியது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்.

மாமா இருபது வரிசை வைத்தார், பதினேழு மிச்சம். இருபத்தைந்து வைத்தார், இருபத்திரண்டு மிச்சம். “எண்ணத் தெரியாதவன நர்சரியில வச்சா இப்படித்தான்,” என்று எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி எல்லார் முன்னாலும் சிரித்தார். நானும் மாமாவும் மூன்று தடவை எண்ணினோம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழேதான்.

“ஒரு பைய தூக்கி ஆத்துல போடுங்க லா! யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள் அத்தை.

“எனக்குத் தெரியுமே,” என்றார் மாமா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டை எடுத்து இரண்டிலிருந்து வகுக்க ஆரம்பித்தேன். எதிலும் மிச்சம். முப்பத்தொன்றிலும் ஐந்து மிச்சம். அலுத்துப்போய் எழுந்து கன்றுகளைச் சுற்றி நடந்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தபோது குறுக்கு வரிசை நெடுக்கு வரிசையாகத் தெரிந்தது. அடடா! முப்பத்தொரு வரிசைக்கு மேல் போனால் ஒரு வரிசைக்கு முப்பத்தொன்றுக்கு மேல் கன்று வராது. அதைத்தான் ஏற்கெனவே வகுத்துப் பார்த்தாயிற்றே! இனி வகுக்கவே வேண்டாம். ஒரே வரிசையாக வேண்டுமானால் வைக்கலாம். அது பக்கத்து ஊர் ரிங்லெட் வரைக்கும் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரை வந்ததும் நோட்டை நீட்டினேன். எப்படி அடுக்கினாலும் மிச்சம் நிற்கும் என்று படபடவென்று சொன்னேன். துரை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தானே வகுத்துப் பார்த்தார். கடைசியில் தொடையில் தட்டிச் சிரித்து, “பெத்துல் லா!” என்றார். சரிதான் என்று துரையே மலாயில் சொல்லிவிட்டார்! கிராணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கன்றைத் தன் பங்களாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத் துரை போனார். மீதி, பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எண்பத்து மூன்று, நூல் பிடித்த மாதிரி நின்றது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நர்சரியைச் சுற்றி வந்தார். மகாராணி கெட்டாள் போங்கள்!

அப்படி அடங்காத பெரிய எண் உலகத்திலேயே அது ஒன்றுதான், அதுவும் எங்கள் எஸ்டேட்டுக்கே சொந்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பகா எண் என்று அதற்குப் பெயர் உண்டு, அவற்றுக்கு முடிவே கிடையாது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றை மட்டும் பல வருஷம் கழித்து அத்தை சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மாமா ஒரு பையை ஆறு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாராம். வெகு நேரம் கரையிலேயே நின்றுவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே வைத்தாராம்.