முத்தையாவைத் தூக்க வந்தவர்கள்

ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய பட்டாளத்துக்காரர் யாராவது இறந்துபோனால், சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகச் செய்தி போவது வாசுவுக்குத்தான். முன்னாள் படைவீரர் சங்கத்தில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குத் துணைக்கு உட்காருவது, நடக்க முடியாதவர் வீட்டுக்குச் சங்கத்துச் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கடைசியில் பெட்டியின்மேல் கொடியைச் சுருக்கமில்லாமல் விரிப்பது, எல்லாம் அவர் வேலை. பதவியில் இருப்பவர்களுக்குப் படத்துக்கு நிற்கவே நேரம் போதவில்லை, பாவம்.

முத்தையா இறந்ததும் வாசு சங்கத் தலைவர் சிவநேசனைத்தான் போனில் கூப்பிட்டார். மூவரும் ஒரே படைப்பிரிவு. அன்றைக்கு மற்ற இருவருக்கும் மேலே சார்ஜனாக இருந்த சிவநேசன் எல்லைக் காட்டில் குண்டடி பட்டுக் கிடந்தபோது, அவரை முதுகில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தவர் முத்தையா. அதற்காக அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் வாசுவிடம் ஒன்று கேட்டார். "என்னை நம்ம ஆளுங்கதான் தூக்கணும்டா. பட்டாளத்துப் பெரே தொப்பியோட வரணும்லா."

வாசு இதைச் சொன்னதும் சிவநேசனுக்குக் குரல் உடைந்துவிட்டது. "எட்டுப் பேரோட வர்றேன் வாசு. நான் வராம எடுக்காதே" என்றார். வாசு நம்பினார். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நம்பியிருப்பார்கள்.

மறுநாள் முத்தையா குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே போட்ட கூடாரத்தில் சடங்கெல்லாம் முடிந்தது. வாய்க்கரிசியும் போட்டாயிற்று. சவ வண்டிக்காரன் ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு இன்னொன்றைப் பற்றவைத்தான். சிவநேசனைக் காணவில்லை, போனையும் எடுக்கவில்லை.

முத்தையாவின் மைத்துனர் அர்ஜுனன் வந்து நின்றார். "அண்ணே, ராகு காலம் வரப்போகுது. எடுத்துடலாம்லா."

"சார்ஜன் வர்றேன்னு சொல்லியிருக்காரு தம்பி. கொஞ்சம் பொறுங்க."

வேறு யாராக இருந்தாலும் அங்கே நின்றவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காரியத்தை முடித்திருப்பார்கள். வாசுவால் அது முடியவில்லை. பட்டாளத்தில் மேலே இருப்பவர் 'நான் வரும்வரை இரு' என்றால் இருந்தே ஆக வேண்டும். சீருடையைக் கழற்றி எத்தனையோ வருஷமாகியும் அந்தப் புத்தி மட்டும் கழலவில்லை.

முத்தையாவின் மனைவி ஜெயலெட்சுமி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வருவாங்கதானே அண்ணே?"

"பாலத்துல வண்டியெல்லாம் ஜேம்மா. வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார் வாசு. வாய்க்கு வந்த பொய்.

அவர் பையில் போன் முனகியது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. பாயான் பாருவில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம். எட்டுப் பேர் பெரே தொப்பியோடு இரண்டு வரிசையாக நின்று வாளை உயர்த்திப் பிடித்திருக்க, அடியில் மணமக்கள் நடந்து வருகிறார்கள். ஓரத்தில் சிவநேசன், பெண்ணைப் பெற்ற தவ்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கியபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சங்கத்துக்கு வேன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த பெரிய முதலாளி அவர்.

வாசு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறந்துபோயிருந்தால்கூட மன்னித்திருப்பார். மறக்கவில்லை. யோசித்து, எடைபோட்டு, முத்தையாவை வேண்டாமென்று வைத்துவிட்டார்கள். பிணம் கோபித்துக்கொள்ளாது அல்லவா?

அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. "உங்க பேச்சைக் கேட்டு நல்ல நேரத்தை விட்டுட்டோம்" என்று அர்ஜுனன் எல்லோர் முன்னாலும் கத்தினார். ராகு காலம் முடியும்வரை பெட்டி கூடாரத்து வெக்கையில் காத்துக் கிடந்தது. பிறகு கீழ்க்கடை மெக்கானிக் ஹாஃபிஸ், எதிர்வீட்டு ஆ செங், அர்ஜுனன், வாசு என்று நாலு பேர் தோள் கொடுத்தார்கள். ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு நடை. கொடி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனது.

தகனம் முடிந்து வாசு முத்தையா வீட்டுக்குத் திரும்பியபோது சிவநேசனே போனில் கூப்பிட்டார்.

"வாசு, மனசுல வச்சுக்காதேலா. தவ்கே விடல, என்ன செய்யறது? சரி, படம் எடுத்தீங்களா? ஆண்டுக் கூட்டத்துல காட்டணும். நம்ம சங்கத்தோட இறுதி மரியாதைன்னு."

"இருக்கு சார்ஜன். ஹாஃபிஸ் தூக்குறான், ஆ செங் தூக்குறான், அர்ஜுனன் தூக்குறாரு."

"நீ தொப்பி போட்டிருந்தேதானே?"

"ஆமா."

"போதும்லா. மத்தவங்களை வெட்டிட்டு உன்னை மட்டும் போட்டுக்கலாம். சங்கம் வந்த மாதிரி ஆயிடும்."

சார்ஜனை எதிர்த்து வாசு இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

"சங்கம் வரல சார்ஜன். முத்தையாவோட கூட்டாளி ஒருத்தன்தான் வந்தான். அவனும் இன்னையோட உங்க சங்கத்துல இல்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெயலெட்சுமி நின்றுகொண்டிருந்தார். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

"பொய் சொல்லிட்டேம்மா. அவங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க."

"தெரியும் அண்ணே" என்றார் ஜெயலெட்சுமி. "அவரும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுல இருந்தாரே. அவரு போன் என் மடியிலதான் இருந்துச்சு. அந்தக் கல்யாணப் படம் அவருக்கும் வந்துச்சு."