எல்-ஒய் அக்கா

வாலாக ஒட்டிக்கொள்ளும் இரண்டு எழுத்து ஒரு மனிதனை வேலையைவிட்டு அனுப்பிவிடுமா? பம்புசெட் தொழிற்சாலை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு செய்த அக்காவிடம் வாழ்க்கை கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

அவள் சேர்ந்த இரண்டாம் வருடம், வெல்டர் ஒருவரை நிரந்தரமாக்கச் சொல்லி மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். கடுமையாக உழைக்கிறார் என்பதற்கு ‘ஒர்க்ஸ் ஹார்ட்’ என்று ஆங்கிலத்தில் கைப்பட எழுதியிருந்தார். அக்காவுக்கு அது உறுத்தியது. எப்படி உழைக்கிறார்? கடுமையாக. தமிழில் ‘ஆக’ வந்தால் ஆங்கிலத்தில் ‘லி’ வர வேண்டும் என்றுதான் படித்திருந்தாள். அவசரத்தில் விட்டிருப்பார் என்று எல், ஒய் இரண்டையும் சேர்த்து ‘ஹார்ட்லி’ ஆக்கினாள். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

‘ஹார்ட்லி’ என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். உழைக்காத ஆள் வேண்டாம் என்று பதில் வந்தது. திருத்திய கடிதம் போய்ச் சேருவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

தட்டச்சு இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றார் மேனேஜர். அக்கா கேட்கவில்லை. வெல்டரின் கடைசி நாளன்று வாசல் கேட்டருகே அவரை நிறுத்தினாள்.

“அண்ணே, உங்க வேலை போனது என்னாலதான். கடிதத்துல ரெண்டு எழுத்து கூட அடிச்சுட்டேன்.”

“எழுத்தா? அட போம்மா! என் வெல்டிங்லதான் எங்கியோ ஓட்டை விழுந்துடுச்சோன்னு நான் சோறு இறங்காம கிடந்தேன்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது மன்னிப்புதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, பெயரடையா வினையடையா என்று நின்று பார்க்காமல் அவள் விரல் எந்தச் சொல்லையும் முடித்ததில்லை. பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. ஸ்டோர்க்காரர் ஒருநாள் மேசையருகே வந்து நெளிந்தார்.

“எல்-ஒய் அக்கா, பொண்ணு பார்க்க அழகா இருக்கான்னு எழுதணும். ‘லுக்ஸ் பியூட்டிஃபுல்’லா, ‘பியூட்டிஃபுல்லி’யா?”

“அழகு யாரோடது தம்பி? பொண்ணோடதா, பார்க்குறதோடதா?”

“பொண்ணோடதுதான்!”

“அப்போ வால் வேண்டாம். நம்ம ‘ஆக’ ரெண்டு பக்கமும் பேசும், அதை நம்பிடாதே.”

“பொண்ணு யாருன்னு கேக்கவே இல்லையேக்கா?”

“அது இலக்கணத்துல வராது.”

ஓய்வு பெறும் நாளில் புதிதாக வந்த தட்டச்சாளர் அவளுடைய நற்சான்றிதழை அடித்துக் கொண்டுவந்தாள். “நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்கம்மா, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்” என்றார் இப்போதைய மேனேஜர். மூன்றாவது வரியில், இருபத்தெட்டு வருடமும் அவள் ‘ஹார்ட்லி’ உழைத்ததாக இருந்தது. அக்கா பேனாவின் மூடியைத் திறந்தாள். வெல்டரின் கடிதத்தில் தான் அடித்த அதே சொல். அந்த வரியை இரண்டு முறை படித்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

“சரியா இருக்கு சார்.”

வீட்டில் மகள் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “இதைப் போய் எப்படிம்மா விட்டே?”

அக்கா அதற்குள் கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்திருந்தாள். சுத்தியல் எங்கே என்று கேட்டாள்.